பச்சை மண்: குறைமாதக் குழந்தையின் தோல்

பிறந்த குழந்தையை நம் பக்கத்தில் "பச்சை மண்" என்பார்கள். "அது பச்சை மண்ணு, பார்த்துத் தூக்கு" என்று பாட்டி அதட்டுவாள்.

இந்தச் சொல்லின் பொருள் வேப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சென்னை-திருச்சி நெடுஞ்சாலையும் சேலம்-கடலூர் சாலையும் சந்திக்கும் ஊர் வேப்பூர். அங்கிருந்து கிழக்கே போனால் விருத்தாசலம். பீங்கானுக்குப் பெயர் போன ஊர். அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி, மின்சார ப்யூஸ் கட்டை எல்லாம் அங்கே சூளையில் வெந்து வெளியே வருகின்றன. பீங்கான் தொழிலைப் படிப்பாகவே சொல்லிக் கொடுக்கும் அரசு நிலையமும் அங்கே உண்டு.

பீங்கான் பட்டறையில் களிமண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். மண் கெட்டிப்படும். அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. நேரத்துக்கு முன்னால் அச்சைப் பிரித்தால் பொம்மை கையோடு சாய்ந்துவிடும். பிரித்த பொம்மையை வெயிலில் வைத்தால் விரிசல் விடும். நிழலில் மெல்ல உலர வேண்டும். பிறகு சூளை. மேலே மெருகு. மெருகு ஏறிய ஜாடி தண்ணீரை விடாது. ஏறாத ஜாடி கசியும்.

தாயின் வயிறும் ஓர் அச்சுதான். அங்கே குழந்தையின் தோலுக்கு மெருகு ஏறுவது கடைசி மூன்று மாதத்தில். அந்த மெருகு ஏறும் முன்பே குழந்தை வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் இந்தக் கட்டுரை.

எது குறைமாதம்?

"பத்து மாதம் சுமந்து பெற்றேன்" என்று தாய் சொல்கிறாள். கணக்குச் சரியானதுதான். கடைசியாக வீட்டு விலக்கான நாளில் இருந்து 280 நாள். அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதம் என்று வைத்தால் பத்து மாதம்.

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் அது குறைமாதக் குழந்தை. 32 வாரத்துக்கு முன் பிறந்தால் மிகவும் குறைமாதம். 28 வாரத்துக்கும் முன் பிறந்தால், அந்தக் குழந்தை உயிர் பிழைக்கப் பெரிய போராட்டமே நடத்த வேண்டும்.

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் நம் நாட்டில். எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஆகவே இது எங்கோ யாருக்கோ நடக்கும் விஷயம் அல்ல. உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்திருக்கும்.

"ஏழாம் மாதம் பிறந்தால் பிழைக்கும். எட்டாம் மாதம் பிறந்தால் பிழைக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. இது முழுப் பொய். எட்டாம் மாதக் குழந்தை ஏழாம் மாதக் குழந்தையைவிடப் பல மடங்கு தெம்பானது. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். இந்தப் பேச்சை நம்பி எட்டாம் மாதக் குழந்தையைக் கை கழுவியவர்கள் எத்தனை பேரோ!

இரண்டு குழந்தைகள், இரண்டு தோல்கள்

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பாருங்கள். உடம்பு மொழுமொழு என்று இருக்கும். தோலுக்கு அடியில் கொழுப்பு இருக்கும். உடம்பில், முக்கியமாக அக்குளிலும் தொடை இடுக்கிலும், வெண்ணெய் போல ஒரு வெள்ளைப் பூச்சு ஒட்டிக் கொண்டிருக்கும். உள்ளங்காலில் கோடு கோடாக ரேகை ஓடும்.

28 வாரத்துக் குழந்தையைப் பாருங்கள். எடை ஒரு கிலோ இருக்கும், அல்லது இருக்காது. தோல் கண்ணாடிக் காகிதம் போல் இருக்கும். அடியில் ஓடும் ரத்தக் குழாய்கள் அப்படியே தெரியும். குழந்தை செக்கச் செவேல் என்று இருக்கும். முதுகிலும் தோளிலும் பூனை முடி மண்டியிருக்கும். உள்ளங்கால் வழவழ என்று இருக்கும்.

"எங்கள் வீட்டில் யாருமே இந்த நிறம் இல்லை. குழந்தை என்ன சிவப்பு!" என்று சொந்தக்காரர்கள் மகிழ்ந்து போவதும் உண்டு. அது நிறம் அல்ல. தோல் மெல்லியதாக இருப்பதால் உள்ளே ஓடும் ரத்தம் தெரிகிறது. கறுப்பர், வெள்ளையர், எந்த இனத்தில் பிறந்தாலும் மிகக் குறைமாதக் குழந்தை சிவப்புத்தான்.

தோலைப் பார்த்தே குழந்தைக்கு எத்தனை வாரம் என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஜீன் பல்லார்டு இதற்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். 1991-ம் ஆண்டு அதைத் திருத்தி வெளியிட்டார். தோல் ஒட்டும் பதத்தில் இருக்கிறதா, ரத்தக் குழாய் தெரிகிறதா, மேல்தோல் உரிகிறதா, வெடித்திருக்கிறதா, உள்ளங்காலில் எத்தனை ரேகை, காது மடல் மடித்தால் நிமிர்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டினால் வாரம் தெரிந்துவிடும். தாய் தேதியை மறந்திருந்தாலும் கவலை இல்லை. கைரேகை ஜோசியர் சொல்வது பலிக்குமோ பலிக்காதோ, இந்தக் கால்ரேகைக் கணக்கு ஏறத்தாழப் பலிக்கும். ஒன்றிரண்டு வாரம் முன்பின் இருக்கலாம்.

சுவரும் சாந்தும்

கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை இவ்வளவு. கண்ணுக்குத் தெரியாத வேற்றுமைதான் பெரிது.

நம் தோலின் மேல்பரப்பு ஒரு சுவர் போன்றது. உயிர் போய் உலர்ந்து தட்டையான அணுக்கள் செங்கல் போல அடுக்கடுக்காக இருக்கின்றன. நடுவே கொழுப்புப் பொருள்கள் சாந்து போலப் பூசியிருக்கின்றன. இந்தச் சுவர்தான் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாமலும் காக்கிறது.

நிறைமாதக் குழந்தைக்கு இந்தச் சுவரில் 10 முதல் 20 அடுக்கு வரை இருக்கும். பெரியவர்களுக்கு இருப்பதற்கு அதிகம் குறைவில்லை. 30 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு இரண்டு மூன்று அடுக்குதான். 24 வாரத்தில் பிறந்தால் சுவரே இல்லை என்று சொல்லலாம். ஏறத்தாழ 34 வாரத்தில்தான் சுவர் ஓரளவு எழும்பி முடிகிறது.

சுவர் மட்டுமா? மேல்தோலும் அடித்தோலும் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்திருக்கும் பிடிப்பும் பலவீனம். கையில் ஒட்டிய பிளாஸ்திரியை வெடுக்கென்று எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். அதனால்தான் குழந்தை வார்டில் நர்சுகள் பிளாஸ்திரியைக் கொஞ்சமாக ஒட்டுகிறார்கள். எடுக்கும்போது ஈரப்படுத்தி, மெதுவாக எடுக்கிறார்கள். "இவ்வளவு நேரமா?" என்று வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றும். அவர்கள் செய்வது சரி.

வெள்ளைப் பூச்சு என்ன செய்கிறது என்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது அழுக்கு அல்ல. அதில் 100-க்கு 80 பங்கு தண்ணீர். 10 பங்கு கொழுப்பு. 10 பங்கு புரதம். கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் அதில் இருக்கின்றன. கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. பல மாதம் தண்ணீரில் மிதக்கும் குழந்தையின் தோல் ஊறிப் போகாமல் இருப்பதற்கு இந்தப் பூச்சும் ஒரு காரணம். பிறந்த பிறகும் தோலை ஈரமாக வைத்துக் காக்கிறது. 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு இந்தப் பூச்சு கிடைப்பதே இல்லை. மெருகு பூசும் முன் எடுத்துவிட்ட ஜாடி அது.

தண்ணீர் கசிகிறது

சுவீடன் நாட்டில் உப்சாலா என்று ஒரு நகரம். அங்கே டாக்டர் ஹாமர்லுண்டும் டாக்டர் செடினும் 1970-களின் கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள். பச்சைக் குழந்தையின் தோலில் இருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகப் போகிறது என்று கருவி வைத்து அளந்தார்கள்.

வேர்வையைச் சொல்லவில்லை. மிகக் குறைமாதக் குழந்தைக்கு முதல் நாட்களில் வேர்க்கவே வேர்க்காது. இது தோல் வழியாகத் தானாகக் கசியும் தண்ணீர்.

25 வாரத்தில் பிறந்த குழந்தையின் தோலில் இருந்து, நிறைமாதக் குழந்தையைப் போல 15 மடங்கு தண்ணீர் போகிறது என்று தெரிந்தது. இது கொஞ்சநஞ்சம் அல்ல. சாதாரண அறைக் காற்றில் அந்தக் குழந்தையைத் திறந்து வைத்தால், ஒரே நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தோல் வழியாகவே இழந்துவிடலாம். 60 கிலோ மனிதன் ஒரு நாளில் 6 குடம் அல்ல, 6 லிட்டர் தண்ணீரைத் தோல் வழியாக விட்டுவிட்டு, ஒரு வாய் குடிக்கவும் முடியாமல் படுத்திருந்தால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான்.

தண்ணீரோடு போவது இன்னொன்று: சூடு.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. கோடையில் நாம் அதைக் குடித்து மகிழ்கிறோம். குறைமாதக் குழந்தையின் உடம்பிலும் அதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே அது ஆபத்து.

மேலும், சிறிய பொருள் சீக்கிரம் ஆறும். அண்டாவில் கொதித்த தண்ணீர் மணிக் கணக்கில் சுடும். டம்ளர் காப்பி பேசிக் கொண்டிருக்கும்போதே ஆறிவிடும். எடையோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ குழந்தைக்குப் பெரியவரைவிட மூன்று மடங்குக்கும் மேல் தோல் பரப்பு உண்டு. ஆக, சூடு போகும் வழி பெரிது. சூடு உண்டாக்கும் கொழுப்போ மிகக் குறைவு. நடுங்கிச் சூடேற்றிக் கொள்ளவும் அதற்குத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் பால் குடிக்கத் தெம்பு இல்லை. பால் இல்லை என்றால் சர்க்கரைச் சத்து குறையும். மூச்சுத் திணறும். இப்படி ஒன்றை ஒன்று தொட்டுக் கொண்டு வரும்.

மூன்று டிகிரி

சூடு இவ்வளவு முக்கியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நியூயார்க் கதையைச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிப் பெட்டி முதலில் பாரிஸ் நகரத்தில் வந்தது. 1880-ம் ஆண்டு வாக்கில் டாக்டர் தார்னியே என்பவர் கோழி முட்டையை அடைகாக்கும் பெட்டியைப் பார்த்தார். "இதில் குழந்தையை வைத்தால் என்ன?" என்று நினைத்தார். செய்தும் காட்டினார். அதன் பிறகு 70 ஆண்டுக்கு மேல், பெட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு வேண்டும் என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

1958-ம் ஆண்டு டாக்டர் வில்லியம் சில்வர்மன் நியூயார்க்கில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். குறைமாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார். எது எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார். ஒரு பிரிவுக்குப் பெட்டிச் சூடு ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ். மற்றப் பிரிவுக்கு ஏறத்தாழ 32 டிகிரி. வேற்றுமை மூன்று டிகிரி கூட முழுதாக இல்லை. நம் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது.

முடிவு என்ன? சூடு கூடிய பிரிவில் 100-க்கு 15 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தன!

மருந்து இல்லை. ஊசி இல்லை. ஆபரேஷன் இல்லை. மூன்று டிகிரி சூடு. அவ்வளவுதான்.

பெட்டி இல்லாத ஊரில்?

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. அதன் தலைநகரம் பொகோட்டா. அங்கே ஏழைத் தாய்மார் வரும் பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைத்தார்கள். ஒன்றின் நோய் மற்றொன்றுக்குத் தொற்றியது. குழந்தைகள் இறந்தன.

1978-ம் ஆண்டு அங்கே இருந்த டாக்டர் எட்கர் ரே யோசித்தார். கங்காரு என்ற மிருகம் குட்டியை முற்றாமலே ஈனுகிறது. அந்தக் குட்டி தாயின் வயிற்றுப் பைக்குள் போய் ஒட்டிக் கொண்டு வளர்கிறது. மனிதக் குழந்தையையும் தாயின் மார்பிலேயே வைத்தால் என்ன?

குழந்தைக்குச் சட்டை போடவில்லை. தலைக்குக் குல்லாய், இடுப்புக்குத் துணி, காலுக்கு உறை, அவ்வளவுதான். தாயின் மார்புக்கு நடுவே, தோலோடு தோல் படும்படி, நிமிர்த்தி, தவளை போல் கைகாலை மடக்கி வைத்தார்கள். மேலே துணியால் கட்டினார்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு திறந்திருக்க வேண்டும். இதுதான் கங்காரு முறை.

தாயின் உடம்பு எப்போதும் ஒரே சூட்டில் இருக்கிறது. துணிக்குள்ளே காற்று ஈரமாக இருப்பதால் குழந்தையின் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. ஆஸ்பத்திரிக் கிருமிக்குப் பதிலாகத் தாயின் தோலில் உள்ள சாதுக் கிருமிகள் குழந்தையின் தோலில் முதலில் குடியேறுகின்றன. பக்கத்திலேயே பாலும் இருக்கிறது. தாய் குளிக்கப் போனால் தகப்பன் வைத்துக் கொள்ளலாம். பாட்டியும் வைத்துக் கொள்ளலாம். தகப்பன் மார்பிலும் அதே சூடுதான். கூச்சம் ஒன்றுதான் தடை.

இது ஏழை நாட்டு வைத்தியம் என்று முதலில் பலர் நினைத்தார்கள். பெட்டியில் வைத்துத் தேறிய குழந்தைக்குத்தான் கங்காரு முறை என்றும் வைத்திருந்தார்கள். பிறந்த உடனேயே செய்தால் என்ன என்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் சோதித்தது. இந்தியாவில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் நடந்தது. ஒரு கிலோ முதல் 1 கிலோ 799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். 2021-ம் ஆண்டு முடிவு வெளிவந்தது.

பழைய முறையில் 28 நாளுக்குள் 100-க்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தன. பிறந்த உடனே மார்பில் வைத்த பிரிவில் 12 தான். நன்மை தெளிவாகத் தெரிந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2022-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் யோசனையையும் மாற்றியது. குறைமாதக் குழந்தையைப் பிறந்த உடனேயே மார்பில் வைக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 8 மணி முதல் 24 மணி வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

மூச்சு விடவே முடியாமல் தவிக்கும் குழந்தைக்குக் கருவியும் டாக்டரும் வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆகவே, மாதம் ஆகும் முன் வலி கண்டால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, பச்சைக் குழந்தைகளுக்குத் தனி வார்டு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்ச் சேருவது நல்லது. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முற்றுவதற்குத் தாய்க்குப் போடும் ஊசி ஒன்று உண்டு. அதற்கும் நேரம் வேண்டும். வழியிலேயே பிறந்துவிட்டால், துணியில் சுற்றித் தனியே வைப்பதைவிடத் தாயின் மார்பே மேல்.

குளியல் என்னும் ஆபத்து

வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. ஆடு வளர்க்கும் வீடுகள் சுற்றுப்புறத்தில் ஏராளம். ஆடு குட்டி போட்டதும் என்ன செய்கிறது? நக்கி நக்கித் துடைக்கிறது. ஈரம் போனால் குட்டி குளிராது. யாரும் குட்டியைக் கொண்டு போய்க் குளிப்பாட்டுவதில்லை.

நம் குழந்தைக்கு மட்டும் பிறந்த உடனே குளியல் என்கிறோம். "தீட்டு" என்கிறோம். "அழுக்கு" என்கிறோம்.

குழந்தை பிறந்ததும் உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத் துணியை மாற்ற வேண்டும். அவ்வளவு போதும். வெள்ளைப் பூச்சைத் தேய்த்து எடுக்கக் கூடாது. நிறைமாதக் குழந்தையைக் கூட 24 மணி நேரத்துக்குப் பிறகே குளிப்பாட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குறைமாதக் குழந்தைக்கு முதல் குளியல் எப்போது என்பதை டாக்டரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அதுவரை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பட்டும் படாமலும் துடைத்தால் போதும்.

குழந்தையைக் காலில் போட்டு, கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றி, கைகாலை நீவி, மூக்கைப் பிடித்துவிட்டுக் குளிப்பாட்டுவதில் நம் பாட்டிமார் கெட்டிக்காரிகள். பல நிறைமாதக் குழந்தைகள் அதைத் தாங்கிவிடுகின்றன. அந்தக் கை, இரண்டு அடுக்குத் தோல் உள்ள குழந்தைக்கு ஆகாது. பாட்டியின் அன்பில் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் ஒரு கிலோக் குழந்தை வீட்டுக்கு வந்ததே இல்லை. ஆகவே அவருக்குப் பழக்கம் இல்லை.

சோப்பும் கவனிக்க வேண்டிய பொருள். பிறந்த சில நாளில் தோலின் மேல்பரப்பு லேசாகப் புளிப்புத் தன்மை அடைகிறது. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளைத் தடுக்கிறது. சாதாரணச் சோப்பு காரமானது. அது புளிப்பைப் போக்கிவிடும்.

தோல் குடிக்கும்

மெல்லிய தோல் தண்ணீரை வெளியே விடுவதோடு நிற்பதில்லை. மேலே பூசியதை உள்ளேயும் விடும்.

1972-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஒரு கொடுமை நடந்தது. குழந்தைகளுக்குப் போடும் பவுடரில் ஹெக்சாகுளோரோபீன் என்னும் கிருமிக்கொல்லி தவறுதலாக அளவுக்கு மீறிக் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தன. அவர்கள் அதைச் சாப்பிடவில்லை. தோலில் போட்டதே உள்ளே போய் மூளையைத் தாக்கியது. அதே மருந்தால் குளிப்பாட்டிய குறைமாதக் குழந்தைகளின் மூளையும் கெட்டிருந்ததை அமெரிக்க டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆகவே பவுடர் வேண்டாம். கற்பூரம் கலந்த தைலம் வேண்டவே வேண்டாம். தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணுக்கு மை வேண்டாம். சாம்பிராணிப் புகை முற்றாத நுரையீரலுக்கு எமன்.

"எண்ணெயும் வேண்டாமா?" என்று பாட்டிமார் கேட்பார்கள்.

எண்ணெய் விஷயம் அவ்வளவு எளிதில் முடிந்துவிடவில்லை. வங்காள தேசத்தின் தலைநகர் டாக்காவில் உள்ள குழந்தைகள் ஆஸ்பத்திரியில், மிகக் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயை மெதுவாகத் தடவிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் தொற்றும் ரத்தக் கிருமி நோய் 100-க்கு 41 பங்கு குறைந்தது என்று 2005-ம் ஆண்டு அறிவித்தார்கள். டாக்டர்கள் வியந்தார்கள். சாந்து இல்லாத சுவருக்கு எண்ணெய் சாந்து போல ஆனது. ஆனால் மற்ற ஊர்களில் செய்த எல்லாச் சோதனையிலும் அந்த அளவு நன்மை வரவில்லை. தேங்காய் எண்ணெய் தண்ணீர்க் கசிவைக் குறைக்கிறது என்று 2015-ல் இந்திய டாக்டர்கள் எழுதினார்கள். வடக்கே பழக்கமான கடுகு எண்ணெயோ எலியின் தோலைக் கெடுத்தது. எண்ணெய் தடவுவதைப் பற்றி யோசிக்கலாம் என்ற அளவில்தான் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது.

என் கருத்து இது: நல்ல எண்ணெயாக இருந்தாலும், எந்த எண்ணெய், எப்போது, எவ்வளவு என்பதை அந்தக் குழந்தையைப் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். தடவுவது வேறு, தேய்ப்பது வேறு. குறைமாதக் குழந்தைக்குத் தேய்ப்பு கிடையாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தடவினால், எண்ணெயோடு கிருமியையும் சேர்த்துத் தடவுகிறோம்.

பூனை முடியைப் போக்க மாவு உருண்டையால் உருட்டித் தேய்க்கும் வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. உருட்டவே வேண்டாம். அந்த முடி சில வாரத்தில் தானே உதிரும்.

தோல் காத்திருப்பதில்லை

இவ்வளவு பயமுறுத்திய பிறகு ஒரு நல்ல செய்தி.

குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முற்ற நாளாகும். கண் முற்ற நாளாகும். அதனால்தான் 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கண் பரிசோதனையைத் தவற விடக் கூடாது. ஆனால் தோல் அவசரக்காரன். பிறக்க வேண்டிய தேதி வரும் வரை அது காத்திருப்பதில்லை. காற்றுப் பட்டதும் வேகமாக முற்றத் தொடங்குகிறது. வயிற்றுக்குள் பல வாரம் எடுக்கும் வேலையை, வெளியே வந்த பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. 25 வாரத்துக்கும் முன் பிறந்தால் இன்னும் சில வாரம் கூடுதலாகும்.

அந்த முதல் இரண்டு வாரத்தைத் தாண்ட வைப்பதற்குத்தான் கண்ணாடிப் பெட்டியும், அதற்குள் ஈரக் காற்றும், குல்லாயும், தாயின் மார்பும்.

பிறகு ஒரு நாள் குழந்தையின் மேல்தோல் தவிடு போல உரியும். "என்ன வியாதியோ" என்று பதறுவார்கள். வியாதி அல்ல. உரித்து எடுக்காமல் விட்டுவிட்டால் போதும். ரத்தக் குழாய்கள் மெல்ல மெல்ல மறையும். செக்கச் செவேல் என்று இருந்த குழந்தை மாநிறமாகும். சில வீட்டில் கறுப்பாகவும் ஆகும். அப்போது பார்க்க வரும் சொந்தக்காரர்கள், "பிறந்தபோது எப்படி இருந்த குழந்தை! இப்படிக் கறுத்துப் போய்விட்டதே, குங்குமப்பூ சாப்பிட்டாயா இல்லையா?" என்று தாயைக் கேட்பார்கள். குழந்தையின் தோல் தடித்திருக்கிறது, கறுத்துப் போகவில்லை என்று அவள் பதில் சொல்லலாம்.